மாடு நக்காத உப்புக்கட்டி

காக்கா,

இன்று காலை பால்கனிக் கதவைத் திறந்தபோது அந்த உப்புக்கட்டி மறுபடியும் வியர்த்திருந்தது. ஷார்ஜாவின் ஆகஸ்ட் மாதக் காற்று அப்படி. கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் இரவில் குடித்துவிட்டு, விடிந்ததும் செங்கல் நிறத்தில் தரையில் ஒழுகவிடுகிறது. அல் ஐனில் இருந்தவரை அது ஒருநாளும் வியர்த்ததில்லை. அங்கே காற்றில் ஈரம் ஏது?

என் மகள் பழைய துண்டு ஒன்றால் தரையைத் துடைத்துக்கொண்டே, “அப்பா, இதத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒரு டோர் ஸ்டாப்பர் வாங்கிக்கலாம்ப்பா. டைல்ஸ் எல்லாம் கறை புடிக்குது” என்றாள். போன வருஷமும் இதையேதான் சொன்னாள். போன வருஷத்தைப் போலவே நானும் “பாக்கலாம்மா” என்றேன்.

நேற்று அல் ஐன் போய்வந்தேன் காக்கா. நம் பழைய முதலாளி, அந்த அர்பாபின் பண்ணைக்கு. அந்தக் கறுப்பு மாட்டு மந்தை முழுவதையும் கசாப்புக்கு விற்றுவிட்டு, மேஸ்திரி செல்லத்துரையையும் மற்ற ஆட்களையும் ஊருக்கு அனுப்பிவிட ஏற்பாடு ஆகியிருந்தது. அதைத் தடுக்கப் போனேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நானா, தடுக்கவா? எப்படிப் போனேன், போய் என்ன செய்தேன் என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் அதில் பாதியை மறைத்துவிடுவேன்.

இந்தக் கட்டியை நீங்கள் என் கையில் கொடுத்த நாள் நினைவிருக்கிறது. திருப்பி ஏற்றிய லாரியிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்தீர்கள். “மாடுதான் வேணாம்னுட்டது. நீங்களாவது நக்குங்க டாக்டரே. கொஞ்சம் ரோஷமாவது வரட்டும்” என்றீர்கள். லாரி டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. பக்கத்தில் நின்ற செல்லத்துரைக்குத் தெரியும். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

உங்கள் கடைக்கு நான் முதலில் வந்தது பண்ணைக்குச் சாமான் வாங்க. துபாய் தேராவில் மசாலாச் சந்தையைத் தாண்டி, அப்ரா படகுகள் வந்து முட்டுகிற துறைக்குப் பக்கத்தில் இருந்தது கடை. முன்பக்கம் கயிறும் தார்ப்பாயும் தொங்கும். உள்ளே தவிட்டு மூட்டைகள், பேரீச்சம்பாகு டின்கள், எப்போதும் ஒரு புளித்த இனிப்பு வாசனை. ஒவ்வொரு பொருளுக்கும் எதற்கு, எவ்வளவு, எந்தத் தரம் என்று நான் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தீர்கள்.

“இது சாமான் சீட்டா டாக்டரே, இல்ல கல்யாணப் பத்திரிகையா? கடைசில ‘தங்கள் நல்வரவை நாடும்’னு போடாம விட்டுட்டிய.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சிரித்தீர்கள். உங்கள் கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று அன்று டீ குடிக்கும்போது சொன்னீர்கள். “பாய்னு கூப்பிட்டா இந்தத் தெருவே திரும்பிப் பாக்கும். காக்கான்னு கூப்பிடுங்க, நான் மட்டும் பாப்பேன்.” நான் கால்நடை மருத்துவம் படித்து, அதிலேயே தீவனத்தைப் பற்றி மேல்படிப்பும் படித்து, ஊரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு, நாற்பது தாண்டி இங்கே வந்தவன். என்னைவிட நீங்கள் நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே எனக்காகப் பேசுகிற வேலையை எடுத்துக்கொண்டீர்கள். பண்ணை ஆபீஸில் பில் தாமதமானால் நீங்கள் பேசுவீர்கள். எனக்கு லீவு வேண்டுமென்றாலும் நீங்கள்தான் அர்பாபிடம் பேசுவீர்கள். அவருடைய வரவேற்புக் கூடமான மஜ்லிஸில் உட்கார்ந்து நீங்கள் அரபியில் அடிக்கிற ஜோக்குக்கு அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். நான் கதவோரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கறுப்பு மாடுகளை அர்பாப் கப்பலில் வரவழைத்தார். மணலுக்கு நடுவே நீர் தெளிக்கும் எந்திரம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வளர்த்த ரோட்ஸ் புல். அதிகாலையில் திறந்துவிட்டால் வெயில் ஏறும்வரை மேயும். பார்க்க அத்தனை அழகு. முதல் வருஷம் கழிந்ததும் கறுப்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி சிவக்கத் தொடங்கியது. கண்ணைச் சுற்றி முடி வெளிறி வட்டம் விழுந்தது. கன்றுகள் விறைத்து விறைத்து நடந்தன. கிடாரிகள் பருவத்துக்கே வரவில்லை.

பண்ணை மேஸ்திரியாக அப்போதுதான் வந்திருந்தார் பெரம்பலூர்க்காரரான செல்லத்துரை. “சார், மாடெல்லாம் உங்களப் பாத்து கண்ணாடி போட ஆரம்பிச்சிருச்சு” என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அது தாமிரச் சத்துக் குறைவின் அடையாளம். ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்தேன், அதுவேதான். புத்தகத்தில் படித்ததைச் செய்தேன். மேய்கிற மாட்டுக்கு மருந்தைத் தேடிப் போய்க் கொடுக்க முடியாது. மாடே தேடி வரவேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டி. உப்போடு தாமிரம், துத்தநாகம், கோபால்ட் எல்லாம் கலந்து அழுத்தியது. நடுவில் ஓட்டை, கயிற்றில் கோத்து வேலியில் தொங்கவிடலாம். மாடு உப்புக்கு ஆசைப்பட்டு நக்கும். கூடவே மற்றதும் உள்ளே போகும். நம் ஊரில் மாடு வியர்த்த கையைக்கூட விடாமல் நக்குமே.

நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒரு லோடு வரவழைத்தீர்கள். வேலி முழுக்கத் தொங்கவிட்டோம். மாடுகள் வந்து மோந்து பார்த்தன. போய்விட்டன.

நிழலில் மாற்றிக் கட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டினேன். உயரத்தைக் குறைத்தேன். ஒருமுறைக்கு ஒன்று மட்டும் மாற்றி, ஒரு வாரம் பார்த்து, பிறகு அடுத்தது. என் வேலை அப்படித்தான். கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்த அன்று கேம்ப் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீரே உப்பு. நாள் முழுக்க உப்புத் தண்ணீர் குடிக்கிற மாடு உப்பைத் தேடி எதற்கு வரவேண்டும்? அதோடு அந்தத் தண்ணீரில் கந்தகம் கலந்த உப்புகளும் அதிகம். புல்லில் இருக்கிற கொஞ்சம் தாமிரத்தையும் அவை வயிற்றிலேயே பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். நான் படித்த ஊர்களில் கட்டியைத் தொங்கவிடு என்றால் அது சரி. இந்த மணலில், இந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில், அது அறிவில்லாத வேலை.

தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த லோடு கப்பலில் வந்துகொண்டிருந்தது, என் பேச்சை நம்பி. அர்பாபிடம் சொன்னால் உங்கள் சரக்கு வீணென்று சொன்னதாகும். உங்களிடம் சொன்னால் என் படிப்பு வீணென்று சொன்னதாகும். தினமும் குளிக்கும்போது வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பேன். துவட்டுவதற்குள் கலைந்துவிடும்.

நீங்களே லாரியோடு வந்து இறங்கினீர்கள். வேலியைப் பார்த்தீர்கள்.

“என்ன டாக்டரே, போன லோடு அப்படியே மாப்பிள்ளை வீட்டுத் தோரணம் மாதிரித் தொங்குது?”

“கொஞ்சம் பழகணும் காக்கா.”

“யாரு பழகணும், மாடா, நீங்களா? முகத்தப் பாத்தா மையத்து வீட்டுக்கு வந்தவுக மாதிரி இருக்கிறிய. சொல்லுங்க.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையாக, சோதனை முடிவோடு. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். பிறகு தொட்டிக்குப் போய்க் கையால் அள்ளி ஒரு வாய் குடித்துத் துப்பினீர்கள்.

“இத எப்பக் கண்டுபிடிச்சிய?”

“மூணு வாரம் இருக்கும்.”

“அர்பாப்ட்ட ஏன் சொல்லல?”

“உங்க சரக்கு, காக்கா...”

“என் சரக்கு என் பாடு. வாயில்லாத மாடு என்னய்யா பாவம் பண்ணுச்சு? அதுக்காவது வாயில்ல, ஒங்களுக்கு இருக்குல்ல?”

நீங்கள் என்னை ‘ய்யா’ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அடுத்த நிமிடம் தோளில் கை போட்டு மஜ்லிஸுக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே அரபுக் காப்பி, கஹ்வா குடிக்கிற கோப்பை ஒன்றை எடுத்து, வெளியே போய்த் தொட்டித் தண்ணீரை நிறைத்துக்கொண்டு வந்து, அர்பாபின் எதிரில் நீங்கள் முதலில் ஒரு மடக்குக் குடித்தீர்கள். முகத்தைச் சுளிக்காமல் கோப்பையை அவரிடம் நீட்டினீர்கள். அவர் குடித்தார். அவருடைய முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

நீங்கள் அரபியில் சொன்னீர்கள்: “இதைக் குடிக்கிற மாட்டுக்கு உப்பு விற்றவன் நான். அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கண்டுபிடித்தது இந்த டாக்டர்.”

அர்பாப் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். “அப்படியா டாக்டர்?”

“ஐவா” என்றேன். ஆமாம் என்று. அத்தனை வருஷப் படிப்புக்கும், அத்தனை மாத வேலைக்கும், அந்த மஜ்லிஸில் என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். அது பொய்யில்லை. கண்டுபிடித்தது நான்தான். ஆனால் அவர் கேட்டது அதையா? அன்றைக்கு நஷ்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டவர் நீங்கள். புகழை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவன் நான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லது. மாடு எதற்கு ஆசைப்படும் என்று பார்த்தோம். அல் ஐனில் பேரீச்சைக்கா பஞ்சம்? உடைந்த, புளித்த பழங்களை மூட்டை மூட்டையாக வாங்கி, இடித்து, கோதுமைத் தவிட்டோடு பிசைந்து, அதில் தாது உப்புப் பொடியை அளந்து கலந்து தொட்டியில் வைத்தோம். மாடுகள் முட்டிக்கொண்டு வந்தன. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் டாங்கரில் வந்தது. ரொம்ப மோசமான மாடுகளுக்குத் தாமிரக் குளிகையைத் தொண்டைக்குள் செலுத்தினேன். அது வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பக்கத்துப் பட்டியில் அர்பாபின் செம்மறிகள் இருந்தன. மாட்டுக்கு மருந்தாகிற அளவு தாமிரம் செம்மறிக்கு விஷம். பட்டிக் கதவைப் பூட்டியாயிற்றா என்று நான் போய்ப் போய்ப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து போவேன். “கதவுக்கே வலிக்கும் டாக்டரே, விடுங்க” என்பீர்கள்.

குளிர் தொடங்கும்போது புது முடி வேரில் கறுப்பாக முளைத்தது. செல்லத்துரை ஒரு கிடாரியின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். “சார், கண்ணாடி கழண்டுருச்சு.”

பிறகு மற்ற பண்ணைக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். நீங்கள்தான் கூட்டி வருவீர்கள். “எங்க டாக்டரு கண்டுபிடிச்சது. இந்த மணல்ல மாடு வளக்கணும்னா இவருட்ட கேக்கணும்.” நான் கூசிப்போய் நிற்பேன். நான் விளக்கிச் சொல்வதை நீங்கள் அரபியிலும் இந்தியிலும் மாற்றிச் சொல்வீர்கள். நான் தயங்கிச் சொன்னதெல்லாம் உங்கள் வாயில் நிமிர்ந்து நின்றது. தனியாக இருக்கும்போது ஒருமுறை கேட்டேன், ஏன் என் பெயரையே சொல்கிறீர்கள் என்று. “எனக்குக் கட விக்கிது, ஒங்களுக்குப் பேரு விக்கிது. இதுல என்ன கணக்கு?” என்று விட்டுவிட்டீர்கள். எனக்கு அது விட்டுப்போகவில்லை.

நீங்கள் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனீர்கள். நான் வேலை முடிந்து மகளின் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்தேன். அதன்பின் ஒருநாள் உங்கள் மகன் போன் செய்தார். “டாக்டர் மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க.”

நான் “சரி” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன் காக்கா. சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் பேசவும் முடியவில்லை. உங்கள் வீட்டில் ராத்தாவிடம் இன்றுவரை ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இப்போது நேற்றைய சங்கதிக்கு வருகிறேன்.

பழைய அர்பாப் காலமான பிறகு பண்ணை அவருடைய மகன் கைக்கு வந்தது. நல்ல பையன், வெளிநாட்டில் படித்தவர். பேரீச்சைப் பிசைவில் ஈ மொய்க்கிறது என்று அதை நிறுத்திவிட்டார். டாங்கர் தண்ணீரும் வீண் என்று நின்றது. பதிலுக்கு உப்புக்கட்டி வாங்கினார். போன குளிர்காலத்தில் செல்லத்துரை எனக்குப் போன் செய்தார்.

“சார், புதுக் கட்டி வந்துருக்கு. பிளாஸ்டிக் கவரு, மாட்டுப் படமெல்லாம் போட்டு ஜோரா இருக்கு. மாடு மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போவுது. சின்ன அர்பாப்ட்ட நான் சொன்னா ‘நீ மேஸ்திரியா டாக்டரா’ங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

இனி என்ன நடக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். “நான் பேசறேன் செல்லத்துரை” என்றேன். சின்ன அர்பாபின் நம்பரை அவரே அனுப்பினார். ஒரு செய்தி தட்டினேன். மரியாதை போதாதென்று அழித்தேன். மறுபடி தட்டினேன். மரியாதை கூடிப்போய் விஷயமே தெரியவில்லை. மகளின் விசாவில் உட்கார்ந்து சாப்பிடுகிற கிழவன், கேட்காத யோசனையைச் சொல்ல நான் யார் என்று வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் போனை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பீர்கள். பிடுங்க ஆளில்லை.

கோடை வந்தபோது கண்ணைச் சுற்றி வட்டம் விழுந்துவிட்டது. கன்றுகள் சில செத்தன. போன ஞாயிற்றுக்கிழமை செல்லத்துரை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு வைக்கத்தான் கூப்பிட்டிருந்தார். “வியாழக்கிழம லாரி வருது சார். மொத்தத்தையும் கசாப்புக்கு ஏத்துறாங்க. எங்களுக்கும் கலாஸ். பொண்ணு நர்ஸிங் ரெண்டாவது வருசம் சார். சரி, பாப்போம்.”

அந்த ‘சரி, பாப்போம்’ என்னைத் தூங்கவிடவில்லை. புதன்கிழமை மகளை லீவு போடச் சொன்னேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் எதையும் அப்படிக் கேட்டவனில்லை. காரில் போகும்போது முன்கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். “யார்கிட்டப்பா பேசுறீங்க?” என்றாள். “சின்ன அர்பாப்கிட்ட.” “அவர்தான் இன்னும் வரலையே” என்று சிரித்தாள்.

மஜ்லிஸ் இருந்த இடத்தில் இப்போது ஏசி போட்ட ஆபீஸ். சின்ன அர்பாப் எழுந்து நின்று கை கொடுத்தார். கஹ்வாவும் பேரீச்சையும் வந்தன. அவர் பேசத் தொடங்கினார். எவ்வளவு செய்தும் இந்த இனம் இந்த வெயிலுக்குத் தாங்கவில்லை என்றார். இதைவிட உயர்ந்த கட்டி உலகத்திலேயே இல்லை, அதையே வாங்கிப் போட்டும் பயனில்லை என்றார். அப்பாவுக்காகத்தான் இவ்வளவு நாள் வைத்திருந்தேன் என்றார். “இனி வேறு வழியில்லை, இல்லையா டாக்டர்?”

“ஐவா” என்றேன்.

காக்கா, நான் அப்படித்தான் சொன்னேன். தடுக்கப் போனவன், தலையை வேறு ஆட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செல்லத்துரை நின்றுகொண்டிருந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. என் தலை ஆடியதை மட்டும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இதை எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தார். தலையைக் குனிந்து, தோளில் கிடந்த துண்டை மடிக்கத் தொடங்கினார்.

பேச்சு வராதென்று அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. இனி காத்திருந்து பயனில்லை. என் கையில் காலியான கஹ்வா கோப்பை இருந்தது. அதோடு எழுந்து வெளியே நடந்தேன். மகள் “அப்பா?” என்றாள். வெயில் முகத்தில் அறைந்தது. தொட்டிவரை போய், குனிய முடியாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கோப்பையை முக்கிக் குடித்தேன். உங்களைப்போல் முகம் சுளிக்காமல் குடிக்க எனக்கு வரவில்லை. இருமினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடி நிறைத்தேன். பின்னாலேயே வந்துவிட்ட சின்ன அர்பாப் “டாக்டர், அது மாட்டுத் தண்ணீர்!” என்று கையைப் பிடித்தார். கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

“முதலில் குடித்துப் பாருங்கள்” என்றேன். தமிழில் சொன்னேன். காரில் அத்தனை தூரம் பயிற்சி செய்த ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

அவர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. “இந்தக் கதை எனக்குத் தெரியும்” என்றார். “என் தந்தை எல்லோரிடமும் சொல்வார். தன் சரக்கு வீணென்று சொல்லி, மஜ்லிஸில் தந்தைக்கே தொட்டித் தண்ணீர் கொடுத்த இந்திய வியாபாரி. அவரைப்போல் ஒருவரைப் பார்த்ததில்லை என்பார். நான் அதை விளையாட்டுக் கதை என்று நினைத்திருந்தேன்.”

அவர் குடித்தார். அப்பாவைப் போலவே முகம் போயிற்று. துப்பிவிட்டு, கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலியில் தொங்கிய கட்டிகளை ஒருமுறை பார்த்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அந்தக் கதையில் இன்னொருவரும் வருவார்” என்றார் பிறகு. “எல்லாம் தெரிந்தவராம். ஆனால் கதவோரம் நின்றுகொண்டு ஆமாம் என்று மட்டும் சொன்னாராம். தந்தை அவரைப்போலவே நடித்துக் காட்டுவார், நாங்கள் சிரிப்போம். அது நீங்களா?”

வெயிலில் என் மகள் நின்றிருந்தாள். செல்லத்துரை நின்றிருந்தார்.

“ஐவா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல வளர்ப்பு. வேறொன்று கேட்டார். “செல்லத்துரை குளிர்காலத்திலேயே உங்களுக்குச் சொன்னதாகச் சொல்கிறாரே, அப்போதே ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஒன்றரை மணி நேரத் தூரத்தில்தானே இருக்கிறீர்கள்?”

வழியில் தேடிவைத்திருந்த காரணங்கள் சில என்னிடம் இருந்தன. உடம்பு சரியில்லை என்பது ஒன்று. நம்பர் தொலைந்துவிட்டது என்பது ஒன்று. “பயம்” என்றேன். இதை ஆங்கிலத்திலேயே சொல்ல முடிந்தது. “உங்களைக் கண்டு பயமில்லை. பேசுவதற்கே பயம். எனக்காகப் பேசுகிறவர் இறந்துவிட்டார்.”

அவர் போனை எடுத்து நாலைந்து சொல் பேசினார். நாளைக்கு லாரி வேண்டாம் என்பது எனக்குப் புரிந்தது. “புது முடி முளைக்கும்வரை பார்க்கலாம். கறுப்பாக வந்தால் மந்தை இருக்கும். வராவிட்டால் லாரி வரும்” என்றார். அது நியாயம்தான். செத்த கன்றுகளைப் பற்றி அவர் பேசவில்லை. அவை என் கணக்கில் இருக்கின்றன. புது முடி எத்தனை கறுப்பாக வந்தாலும் அவை எழுந்து வரப்போவதில்லை.

கிளம்பும்போது கார் ஜன்னலுக்கு அருகில் செல்லத்துரை வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “விடுங்க சார்” என்றார். “தண்ணியக் குடிச்சிட்டீங்களே, வயிறு கடுத்தா மாத்தர போட்டுக்கங்க.” பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில், “காக்கா இருந்தா ரெண்டாவது கோப்பய உங்க தலைலயே ஊத்தியிருப்பாரு” என்றார். என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இன்று மத்தியானம் செல்லத்துரை போன் செய்தார். புதுப் பேரீச்சையும் டாங்கர் தண்ணீரும் வந்து இறங்கிவிட்டன. இடித்துப் பிசைந்து முதல் தொட்டி வைத்தாகிவிட்டது. மாடுகள் முட்டிக்கொண்டு நிற்கும் சத்தம் போனிலேயே கேட்டது. “செம்மறிப் பட்டிக் கதவு பூட்டியாச்சா?” என்றேன். பூட்டியாச்சு என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். “கதவுக்கே வலிக்கும் சார்” என்றார். உங்கள் வாக்கியம் அவரிடமும் தங்கியிருக்கிறது.

ராத்தாவுக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்வது என்று எழுதிவைத்துக்கொள்ளப் போவதில்லை. எழுதிவைத்தால் பேச மாட்டேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை முடித்ததும் செய்கிறேன்.

காலையில் மகள் துடைத்துவிட்டு உள்ளே போன பிறகு நான் அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் கொடுத்த நாளிலிருந்து அதைத் துடைத்திருக்கிறேன், இடம் மாற்றியிருக்கிறேன், வீடு மாறும்போதெல்லாம் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துவந்திருக்கிறேன். நீங்கள் சொன்னதை மட்டும் செய்ததில்லை. விரலால் அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். துருவும் உப்புமாக, கொஞ்சம் கசப்பாக இருந்தது. மாடு இதை வேண்டாம் என்றதில் தப்பில்லை. நான் இன்னொரு தடவை தொட்டு வைத்துக்கொண்டேன்.